பயண ஸ்கிராப்புக் செய்யத் தாள், பசை, பேனா, கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

பயணம் முடிந்து பையைக் காலி செய்யும்போது நுழைவுச்சீட்டுகள், ரயில் டிக்கெட்டுகள், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய வரைபடம், தங்கிய விடுதியின் முகவரி அட்டை, கடை ரசீதுகள், அருங்காட்சியகத்தின் துண்டுப்பிரசுரம் என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்திருக்கும். இவற்றையும் புகைப்படங்களையும் சேர்த்து ஒரு ஸ்கிராப்புக் செய்யலாம் என்று முடிவெடுப்பவர்களில் பலர் முதல் வேலையாக ஸ்டிக்கர்களையும் வண்ண டேப்புகளையும் வாங்கிக் குவிக்கிறார்கள். தாளையும் பசையையும் வீட்டில் கிடைப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. அசல் டிக்கெட்டையும் புகைப்படத்தையும் இரவும் பகலும் தொட்டுக்கொண்டிருக்கப் போகும் பொருள்கள் தாள், பசை, மை, பிளாஸ்டிக் உறை ஆகிய நான்கே. பத்தாண்டுகளுக்குப் பிறகு ஏட்டைத் திறக்கும்போது என்ன மிஞ்சியிருக்கும் என்பதை இந்த நான்கும் தீர்மானிப்பதால், செலவிட எண்ணியிருக்கும் பணத்தின் பெரும்பகுதி இவற்றுக்குப் போக வேண்டும். அடுத்த இடம் வெட்டும் கருவிகளுக்கு. அலங்காரப் பொருள்கள் கடைசியில் வரட்டும். வராமலே போனாலும் குறையில்லை.

வாங்குவதற்கு முன்

கடைக்குப் போவதற்கு முன் சேகரித்த அனைத்தையும் ஒரு மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். இருப்பதில் மிகப் பெரிய பொருளைக் கொண்டு ஏட்டின் அளவையும், மிகத் தடிமனான பொருளைக் கொண்டு ஏட்டின் கட்டுமானத்தையும், மிக எளிதில் கெடக்கூடிய பொருளைக் கொண்டு பசையையும் உறையையும் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எளிதில் கெடுபவற்றில் முதலிடம் வெப்பத்தாளுக்கு. இன்றைய கடை ரசீதுகளில் பெரும்பாலானவையும், விமான நிலையத்தில் அச்சிட்டுத் தரும் போர்டிங் பாஸ்களில் பலவும், பல பேருந்து, ரயில் டிக்கெட்டுகளும் மையால் அச்சிடப்பட்டவை அல்ல. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற ஒரு சாயமும் அதை நிறம்பெறச் செய்யும் அமிலத்தன்மையுள்ள வேதிப்பொருளும் கலந்திருக்கின்றன. அச்சுக் கருவியின் சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகத் தெரிகின்றன. இந்தச் சேர்க்கை நிலையானது அன்று. வெளிச்சம், சூடு, விரலின் எண்ணெய்ப்பசை, பிவிசி உறையிலுள்ள மென்மையாக்கிகள், சில பசைகளிலுள்ள கரைப்பான்கள் ஆகியவை பட்டால் எழுத்து மங்கி, நாளடைவில் வெற்றுத்தாள் மட்டுமே மிஞ்சும். ஒரு சீட்டு வெப்பத்தாளா என்று அறிய, அதன் ஓரத்தை நகத்தால் வேகமாகக் கீறிப் பார்த்தால் போதும். உராய்வின் சூட்டில் கருங்கோடு விழுந்தால் அது வெப்பத்தாள்தான். அத்தகைய சீட்டுகளை ஊர் திரும்பிய உடனே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அல்லது அதற்கு மேற்பட்ட துல்லியத்தில் ஸ்கேன் செய்து, நல்ல தாளில் அச்செடுத்து, அந்த நகலை ஒட்டுவதே சரியான முறை. அசலும் வேண்டும் என்றால், பசை படாமல் ஒரு காகித உறையில் இட்டு ஏட்டின் பின்னட்டையில் வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு என்று எண்ணிச் சூட்டு லேமினேஷன் செய்தால் சீட்டு முழுவதும் கறுத்துப் போகும்.

செய்தித்தாள் துணுக்குகளுக்கும் மலிவான துண்டுப்பிரசுரங்களுக்கும் வேறொரு நோய் உண்டு. மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் கூழிலிருந்து நீக்கப்படாமல் செய்யப்படும் இவ்வகைத் தாள்கள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறி நொறுங்கத் தொடங்குவதோடு, தங்களை ஒட்டிக் கிடக்கும் தாளிலும் படத்திலும் கறையை ஏற்றிவிடும். இவற்றுக்கும் நகலே நல்லது. அசலை ஒட்டியே தீர வேண்டும் என்றால், எதிர்ப்பக்கத்தில் புகைப்படம் வராதபடி இடம் பார்த்து ஒட்ட வேண்டும்.

புகைப்படங்களில், லேபில் கழுவிப் பெறும் பிரிண்டுகள் ஸ்கிராப்புக்குக்கு மிக ஏற்றவை. வீட்டு இங்க்ஜெட் கருவியில் அச்சிடுவதாக இருந்தால் அதன் மை சாயமா நிறமியா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சாய மை ஈரம் பட்டால் கரையும், வெளிச்சத்தில் விரைவில் வெளிறும், நிறமி மை இரண்டையும் பெரிதும் தாங்கும். வழக்கமான 4 × 6 அங்குலப் படம் ஏ5 அளவுப் பக்கத்தின் ஏறத்தாழப் பாதியை அடைத்துக்கொள்ளும் என்பதால், சிறிய ஏட்டுக்கு 2 × 3 அங்குலத்தில் அச்செடுப்பது நல்லது. இதற்கு 600 × 900 பிக்சல் இருந்தால் போதும். 4 × 6 அங்குலத்துக்கு 1200 × 1800 பிக்சல் தேவைப்படும். எடுத்த நொடியிலேயே படம் தரும் இன்ஸ்டன்ட் கேமராப் படங்களைக் கத்தரிக்கக் கூடாது. அவற்றின் அடுக்குகளுக்குள் படத்தை உருவாக்கிய வேதிப்பொருள்கள் அடைபட்டிருக்கின்றன, ஓரத்தை வெட்டினால் அடுக்குகள் பிரிந்துவிடும். மையே இல்லாமல் சிறு ஸ்டிக்கர் படங்களை அச்சிடும் பாக்கெட் பிரிண்டர்கள் சூட்டால் நிறம்பெறும் சாயப் படிகங்கள் பொதிந்த தாளைப் பயன்படுத்துகின்றன. வசதியானவைதாம், ஆனால் பின்புறப் பசையை ஒருமுறை ஒட்டினால் பிரித்தெடுப்பது கடினம் என்பதால், ஏட்டில் நிலையாக இருக்க வேண்டிய படங்களை இவற்றை நம்பி விடலாகாது.

இலை, மலர், மணல், சிப்பி போன்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈரம் முழுவதும் வற்றாத இலை பூஞ்சையைக் கொண்டுவரும். உறிஞ்சுதாள்களுக்கிடையே பாரம் ஏற்றி இரண்டு மூன்று வாரங்களாவது வைத்த பிறகே அதை ஏட்டில் சேர்க்க வேண்டும். விதைகளையும் செடிகளையும் எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல நாடுகளில் தடை உண்டு. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் கடற்கரை மணலை எடுத்துச் செல்வதே அபராதத்துக்குரிய குற்றம். படம் எடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஏட்டின் அளவும் கட்டுமானமும்

ஸ்கிராப்புக் என்றதும் பெரும்பாலான கடைகள் காட்டுவது 12 அங்குலச் சதுர ஆல்பம். அதாவது ஏறத்தாழ 30.5 செ.மீ. பக்கத்துக்கு நான்கு பெரிய படங்களும் சில சீட்டுகளும் தாராளமாக அடங்கும் என்பது இதன் நிறை. எடை கூடியது, சாதாரண அலமாரியில் நிற்காது, பக்கத்தை ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் ஏ4 ஸ்கேனர் போதாது என்பவை குறைகள். குடும்பமாகச் சென்ற நீண்ட பயணத்தின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இது பொருந்தும். முதல்முறை செய்பவருக்கு ஏ5, அதாவது 148 × 210 மி.மீ., அல்லது 20 செ.மீ. சதுரம் என்பதே என் பரிந்துரை. பக்கம் சிறியதாக இருந்தால் நிரப்புவது எளிது, பாதியில் கைவிடப்படும் ஏடுகள் பெரும்பாலும் பெரிய ஏடுகளே. 110 × 210 மி.மீ. அளவிலான ஒடுங்கிய பயணக் குறிப்பேடும் உண்டு. நீளமான டிக்கெட்டுகள் அதில் மடங்காமல் அமரும்.

அளவைவிட முக்கியமானது முதுகு. ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது ஒட்ட ஒட்ட ஏட்டின் திறக்கும் பக்கம் பருத்துக்கொண்டே போக, முதுகின் அகலம் மட்டும் அப்படியே இருக்கும். இறுதியில் ஏடு விசிறி போல் விரிந்து தையல் அறுந்துவிடும். வளையங்கள் கொண்ட கோப்பு வகை ஏட்டில் தாளைக் கழற்றலாம், இடம் மாற்றலாம், இடையில் சேர்க்கலாம். வட்ட வளையத்தைவிட ஆங்கில எழுத்து டி வடிவ வளையத்தில் தாள்கள் நேராக அடுக்கப்படுவதால் பக்கங்கள் வளையாது. திருகாணி கொண்டு கோக்கும் ஏடுகளில் திருகாணியை நீட்டித்துக்கொள்ளும் வசதி இருக்கும். வாங்கும்போதே நீட்டிப்புத் திருகாணிகள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பிச்சுருள் ஏடு மலிவானது, முழுவதும் மடங்கும். இரு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே படமாக வரைபடத்தை ஒட்ட மட்டும் அதில் இயலாது. தைத்த ஏட்டின் அழகை விட மனமில்லாதவர்கள், மூன்று தாளுக்கு ஒரு தாள் வீதம் முதுகோரம் 2 செ.மீ. விட்டு வெட்டியெடுத்துவிட்டால், எஞ்சிய துண்டுகள் முதுகில் இடைவெளியாக நின்று பருமனை ஏற்றுக்கொள்ளும். துண்டை விடாமல் அடியோடு வெட்டினால் தையலின் மறுபக்கத்து இணைத்தாள் கழன்று வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிட வேண்டும். பசைக்கோடுகள் இட்ட அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளை உரித்து, படத்தை வைத்து மூடும் பழைய பாணி ஆல்பம் அது. அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறி, படங்களை விடாமல் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாள் பிவிசியாக இருந்தால் கேடு இரட்டிப்பாகும்.

தாள்

தாளின் தடிமன் ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடையாகக் குறிக்கப்படுகிறது. நகலெடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு படத்தை ஒட்டினாலே பக்கம் வளைந்துவிடும். எழுத்து அதிகமும் ஒட்டுவது குறைவுமாக இருக்கும் ஏட்டுக்கு 120 முதல் 160 வரையும், படங்கள் நிறைந்த ஏட்டுக்கு 200 முதல் 300 வரையும் பொருத்தமானவை. எல்லாப் பக்கமும் 300 ஆக இருந்தால் ஏட்டைத் தூக்கவே கை வலிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தடிமனுக்கு அடுத்து வேதியியல். உறையில் அமிலமற்றது, லிக்னின் அற்றது என்ற இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் இன்று அமிலம் இல்லாத தாளும் லிக்னின் இருந்தால் காலப்போக்கில் அமிலத்தன்மை பெறும். காற்றிலிருந்தும் பக்கத்துப் பொருளிலிருந்தும் வரும் அமிலத்தை ஏற்றுச் சமன்செய்யக் கால்சியம் கார்பனேட் சேர்த்த தாள்கள் இன்னும் உறுதியானவை. நிலைத்திருக்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 என்ற தரநிர்ணயம் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பிஎச் மதிப்பு (7 நடுநிலை) 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும் என்றும், 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான காரச் சேமிப்பு வேண்டும் என்றும் வரையறுக்கிறது. ஏட்டின் மேல் இந்த எண் அச்சிட்டிருந்தால் அது வெறும் விளம்பரமன்று. ‘ஆர்க்கைவல்’, ‘புகைப்படத்துக்குப் பாதுகாப்பானது’ போன்ற சொற்களுக்கு அப்படி ஒரு வரையறை கிடையாது. யாரும் எதன்மீதும் அச்சிட்டுக்கொள்ளலாம். புகைப்படங்களைத் தொடும் பொருளுக்கு ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனை இருக்கிறது. தாள், பசை, உறை எதுவானாலும், அதைப் புகைப்பட உணர்படலத்தோடு சேர்த்து 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்து, படம் வெளிறுகிறதா, கறை படிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் பிஏடி என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இச்சோதனையில் தேறிய பொருள் கிடைத்தால், வேறெதையும் ஆராயாமல் வாங்கலாம்.

எந்தக் குறிப்பும் இல்லாத தாளைச் சோதிக்கப் பிஎச் பேனா உதவும். அதன் கோடு ஊதா நிறமானால் தாள் காரத்தன்மையோ நடுநிலையோ கொண்டது, மஞ்சளானால் அமிலமுள்ளது. கோடு அழியாது என்பதால் ஓரத்துண்டில்தான் சோதிக்க வேண்டும். கறுப்பு, அடர்சிவப்பு போன்ற வண்ணத்தாள்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. நனைத்துப் பிழிந்த வெள்ளை டிஷ்யூவை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால், சாயம் கசியும் தாள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பழுப்புநிற கிராஃப்ட் தாள் பயண ஏடுகளுக்கு எடுப்பாக இருப்பது உண்மை. ஆனால் அமிலமற்றது என்று தெளிவாகக் குறிப்பிட்டிராத கிராஃப்ட் தாளில் அசல் படங்களை ஒட்டுவதைத் தவிர்ப்பேன்.

பசை

ஒரு பசையைக் கையில் எடுக்கும்போது எவ்வளவு உறுதியாக ஒட்டும் என்று கேட்பதைவிட, நாளை பிரிக்க முடியுமா என்று கேட்பது பயனுள்ளது. இடம் மாறி ஒட்டிய டிக்கெட்டை எடுக்க நேரலாம். அஞ்சலட்டையின் பின்பக்க எழுத்தைப் படிக்கத் தோன்றலாம். பிள்ளைகளுக்கு அந்த ஒரே படம் பின்னாளில் தேவைப்படலாம்.

அந்தக் கேள்விக்கு மிக நல்ல விடை போட்டோ கார்னர் எனப்படும் சிறு முக்கோண மூலைகள். பசை மூலையின் பின்புறத்தில் மட்டும் இருப்பதால் படத்தில் ஒரு துளியும் படாது. எப்போது வேண்டுமானாலும் உருவியெடுத்துத் திரும்பச் செருகலாம். காகிதத்திலும் ஒளிபுகும் பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டரிலும் கிடைக்கின்றன. ஒட்டும்போது படத்தின் நான்கு மூலைகளிலும் முக்கோணங்களை முதலில் செருகிவிட்டு, அப்படியே பக்கத்தில் வைத்து அழுத்தினால் கோணல் வராது. கடையில் கிடைக்காதபோது பக்கத்திலேயே நான்கு சாய்ந்த வெட்டுகள் இட்டு மூலைகளைச் செருகலாம். அதற்குத் தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நிலையாக ஒட்ட வேண்டிய நகல்களுக்கும் தலைப்புத் துண்டுகளுக்கும் டபுள் சைட் டேப் எல்லாவற்றிலும் சுத்தமானது. நீர் இல்லாததால் தாள் சுருங்காது, காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அக்ரிலிக் பசை கொண்டதாகவும் அமிலமற்றதாகவும் பார்த்து வாங்கி, ஓரத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் பசை வெளியே கசிந்து தூசி பிடிக்காது. கையில் பிடித்து இழுத்தால் பசையைக் கோடாக விட்டுச்செல்லும் டேப் ரன்னர் வேகமானது. வாங்கும்போது மாற்றுச் சுருள் தனியே கிடைக்கிறதா என்று பார்க்காவிட்டால், சுருள் தீர்ந்ததும் பிளாஸ்டிக் கூட்டையும் சேர்த்து எறிய நேரிடும்.

பசைக்குச்சி மலிவு, எங்கும் கிடைக்கும், பையில் கசியாது. மெல்லிய தாளுக்கு நன்றாக உழைக்கும். படத்துக்கும் கனத்த அட்டைக்கும் போதாது, சில காலத்தில் மூலைகள் எழும்பிவிடும். மூலைகளில் ஒருமுறை கூடுதலாகத் தடவி, நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்தித் தேய்ப்பது நல்லது. வெள்ளைத் திரவப் பசையான பிவிஏ மிக உறுதியானது என்றாலும் அதிலுள்ள நீர் மெல்லிய தாளை அலையலையாக்கிவிடும். துணி, நாடா, கனத்த அட்டை ஆகியவற்றுக்கு அதைத் தூரிகையால் மிக மெல்லியதாகத் தடவி, மேலே மெழுகுத்தாள் இட்டு, ஓர் இரவு முழுவதும் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். காய்ந்தபின் பிரிக்க முடியாது. ஆவணப் பாதுகாவலர்கள் இன்றும் பயன்படுத்துவது கோதுமை மாவுப்பொருளால் ஆன பசை. ஈரப்படுத்தினால் பிரிந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். வீட்டில் செய்யலாம்தான், ஆனால் ஈரமும் பூச்சியும் உள்ள இடத்தில் அது தனித் தொல்லை.

நாணயம், பொத்தான், சிறு சாவிவளையம் போன்றவற்றுக்குப் பசைப்புள்ளிகள் போதும். படத்தைச் சற்றே உயர்த்திக் காட்டும் ஃபோம் டேப்பைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினால் ஏடு மூடாது. எதிர்ப்பக்கத்துப் படத்திலும் அழுத்தத்தடம் விழும்.

செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை காற்றுடன் வினைபுரிந்து மஞ்சளாகி, முதலில் பிசுபிசுத்துத் தாளுக்குள் இறங்கும். பிறகு காய்ந்து, டேப் உதிர்ந்துபோய், பழுப்புக்கறை மட்டும் நிலைத்து நிற்கும். ரப்பர் பசைக்கும் இதே கதிதான். சூட்டுப்பசைத் துப்பாக்கி காகித வேலைக்கு உரியதன்று. மேடாக உறையும், வெப்பத்தாளில் பட்டால் உடனே கறுக்கும்.

மெல்லிய ஜப்பானியக் காகிதத்தாலான ஒட்டுநாடாவான வாஷி டேப் இடைநிலைப் பொருள். ஜப்பானின் குராஷிகி நகரில் 1923இல் ஈப்பிடிக்கும் தாள் செய்யத் தொடங்கிய கமோய் காகோஷி நிறுவனம், பின்னாளில் வண்ணப்பூச்சு வேலைக்கான மாஸ்கிங் டேப்பைச் செய்து, 2008இல் ‘எம்டி’ என்ற பெயரில் வண்ண வாஷி டேப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாஸ்கிங் டேப்பின் வழிவந்ததால்தான் அது மெதுவாக ஒட்டிச் சேதமின்றிப் பிரிகிறது. மடிப்பு வரைபடத்தின் ஓர் ஓரத்தை மட்டும் பக்கத்தோடு இணைத்துக் கதவுபோல் திறக்கச் செய்யவும், கடிதத்தைத் தற்காலிகமாக நிறுத்தவும் இதைவிட நல்லது இல்லை. எடையுள்ள பொருளைத் தாங்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

உறைகளுக்கு ஒரே விதி: பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் மூன்றும் ஏற்கத்தக்கவை, பிவிசி ஏற்கத்தக்கதன்று. புது மழைக்கோட்டு போன்ற நெடி வீசும் மென்மையான உறை பெரும்பாலும் பிவிசியாகவே இருக்கும். மென்மையாக்கிகள் வெளியேறிப் படத்தில் ஒட்டுவதோடு, சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடும் வெளிவருகிறது.

பேனாவும் மையும்

தேதி, இடம், உடன் வந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதாத ஏடு சில ஆண்டுகளில் புதிராகிவிடும். ஆகவே மை நிலைப்பது படம் நிலைப்பதற்குக் குறைந்ததன்று. நிறமி மை, நீர் படாதது, ஒளி தாங்குவது என்ற மூன்று குறிப்புகளும் உள்ள ஃபைன்லைனர் பேனா ஒன்று போதும். சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் வகையில் 01 என்ற எண் 0.25 மி.மீ. கோட்டையும் 05 என்பது 0.45 மி.மீ. கோட்டையும் தரும், எண்ணை அப்படியே மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் எழுத்தின் சுழிகளும் வளைவுகளும் அடைபடாமல் இருக்க, சிறிய எழுத்துக்கு 01 அல்லது 03 ஏற்றது, தலைப்புக்கு 08. சொரசொரப்பான தாளில் அழுத்தி எழுதினால் இதன் முனை விரைவில் தேய்ந்துவிடும்.

ஜெல் பேனாக்களில் நிறமியும் உண்டு, சாயமும் உண்டு. எழுதிக் காயவிட்டு, ஒரு சொட்டு நீர் விட்டால் எது என்று தெரிந்துவிடும். கறுப்புப் பக்கத்துக்கு வெள்ளை ஜெல் பேனா வேண்டும். ஆல்கஹால் மார்க்கர்கள் தாளின் மறுபக்கத்துக்கு ஊடுருவும் என்பதால் தனி அட்டைத்துண்டில் பயன்படுத்திப் பிறகு ஒட்டலாம். படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்புறத்தில் தடம் எழும்பும். விவரத்தைப் படத்துக்கு அடியில் பக்கத்திலேயே எழுதுவது எவ்வளவோ மேல்.

வெட்டும் கருவிகள்

கூர்முனையுள்ள சிறிய கத்தரிக்கோல் ஒன்று, டேப் வெட்டப் பழைய கத்தரிக்கோல் ஒன்று. டேப்பின் பசை ஏறிய கத்தரியால் தாளை வெட்டினால் ஓரம் கிழியும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. நேர்கோடுகளுக்குக் கத்தரி ஏற்றதன்று, 9 மி.மீ. அகலமுள்ள, முனையை ஒடித்து ஒடித்துப் புதுப்பிக்கும் கட்டர் வேண்டும். இந்த ஒடிக்கும் கத்தியை 1956இல் ஜப்பானின் யோஷியோ ஒகாடா உருவாக்கினார். கட்டம் கட்டமாக ஒடியும் சாக்லேட்டும் உடைந்த கண்ணாடியின் கூர்விளிம்பும் அவருக்கு அந்த யோசனையைத் தந்தன. அவர் தொடங்கியதே இன்றைய ஓல்ஃபா நிறுவனம். ஒடிக்க மனமின்றி மழுங்கிய முனையோடு போராடுபவர்களே அதிகம். மழுங்கிய கத்திக்குத்தான் அழுத்தம் தேவைப்படுகிறது, அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது. ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டுவதே முறை.

கத்தியோடு எஃகு அளவுகோலும் கட்டிங் மேட்டும் சேர்ந்தே வர வேண்டும். பிளாஸ்டிக் அளவுகோலின் ஓரத்தைக் கத்தி சீவிவிடும். அடியில் கார்க் ஒட்டிய எஃகு அளவுகோல் வழுக்காது. மேட் ஏ4 அளவே போதும், பெரிய ஏட்டுக்கு ஏ3. வெயிலிலும் மூடிய காருக்குள்ளும் சூடான பாத்திரத்தின் அடியிலும் வைத்தால் மேட் வளைந்துபோகும், மீண்டும் நேராவது அரிது. சறுக்குக் கத்தி கொண்ட ட்ரிம்மர், நூறு படங்களை ஒரே அளவில் வெட்ட வேண்டியவருக்கு மட்டும் தேவை. மாறாக, மூலைகளை உருட்டி வெட்டும் கார்னர் பஞ்ச் சிறியது, மலிவானது. கூர்மூலைகள் மடங்குவதைத் தடுப்பதால் அது அலங்காரக் கணக்கில் சேராது. கனத்த தாளை மடிக்குமுன் கோடிட்டு அழுத்த ஒரு போன் ஃபோல்டர், நுண்துண்டுகளை எடுக்க ஓர் இடுக்கி, இவ்வளவுதான்.

பயணத்தில் உடன் கொண்டு செல்பவை

ஏட்டை வீட்டில் செய்தாலும் சேகரிப்பு வழியில்தான் நடக்கிறது. பாலிப்ரொப்பிலீன் கோப்புறை ஒன்று, சீட்டுகள் மடங்காமலிருக்க அதனுள் இரண்டு கெட்டி அட்டைகள், ஊருக்கு ஒன்றாகச் சில காகித உறைகள், ஒரு பென்சில், ஒரு பசைக்குச்சி என்பவை போதும். உறையின் மேல் அன்றே தேதியையும் இடத்தையும் எழுதிவிட வேண்டும். ஜப்பானின் ரயில் நிலையங்களிலும் உலகின் பல சுற்றுலாத் தலங்களிலும் நினைவு முத்திரைகள் வைத்திருப்பார்கள்; அவற்றை நல்ல தாளில் வெட்டிய வெற்று அட்டைகளில் பதித்து எடுத்து வரலாம். பாஸ்போர்ட்டில் பதிக்கக் கூடாது. அதிகாரபூர்வமல்லாத முத்திரை இருந்தால் எல்லையில் பாஸ்போர்ட்டையே ஏற்க மறுக்கும் வாய்ப்பு உண்டு.

விமானத்தில் செல்வோர் கட்டரைக் கைப்பையில் வைக்க இயலாது. சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். கத்தரிக்கோலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அலகின் நீளம் 6 செ.மீ. வரையிலும், அமெரிக்காவில் திருகிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவாகவும் அனுமதி உண்டு. பிற நாடுகளில் விதி வேறுபடும். சோதனை அதிகாரியின் முடிவே இறுதியானது என்பதால் மழுங்கிய முனையுள்ள சிறு கத்தரியே நிம்மதி. திரவப் பசை பல நாடுகளின் 100 மி.லி. வரம்புக்குள் அடங்கினாலும் கசியும்.

அலங்காரமும் சோதனைப் பக்கமும்

ஸ்டிக்கர், ரப்பர் முத்திரை, பஞ்ச் வடிவங்கள் ஆகியவற்றை முதல் பத்துப் பக்கங்கள் முடிந்த பிறகு வாங்கினால், உண்மையில் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று தெரிந்து வாங்கலாம். இரண்டு அல்லது மூன்று வண்ணங்களுக்குள் நிறுத்திக்கொள்வது டிக்கெட்டுகளின் சொந்த வண்ணங்களுக்கு இடம் தரும். கிளிட்டர் தூள் ஒருமுறை ஏட்டுக்குள் நுழைந்தால் எல்லாப் பக்கத்துக்கும் பரவிப் படங்களின் மேற்பரப்பைக் கீறும். இரும்புக் கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும் துருவேறும்.

வாங்கியவற்றைக் கொண்டு நேரடியாக முதல் பக்கத்தைத் தொடங்காமல், ஏட்டின் கடைசித் தாளைச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். அதில் எல்லாப் பேனாவாலும் ஒரு வரி எழுதி, ஒவ்வொரு பசையாலும் தேவையற்ற ஒரு நகல்துண்டை ஒட்டி, எதனால் ஒட்டியது என்று அருகில் குறித்து, ஏட்டை மூடிப் பாரம் ஏற்றி ஒரு வாரம் வைக்கலாம். மை எதிர்ப்பக்கத்தில் ஒற்றியிருந்தாலோ, தாள் அலையடித்திருந்தாலோ, மூலை எழும்பியிருந்தாலோ அந்தப் பொருளை மாற்ற இன்னும் காலம் இருக்கிறது. முடிந்த ஏட்டை, பருத்த பக்கங்கள் தொங்காதபடி படுக்கை நிலையில், நேர்வெயில் படாத, சுவரின் ஈரம் எட்டாத அலமாரியில் வைக்க வேண்டும். மாவுப்பசை பயன்படுத்தியிருந்தால் வெள்ளிமீன் பூச்சிகள் தேடி வரும் என்பதால், ஆண்டுக்கு ஓரிரு முறையாவது ஏட்டைப் பக்கம் பக்கமாகத் திறந்து பார்ப்பது அவசியம்.